ஃபிளானல் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபிளானல் துணியைப் பற்றியவை. வீட்டுக்குப் போர்வை, பிள்ளைகளுக்குப் பைஜாமா, பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி என்று நிறைய பேர் தைக்கக் கிளம்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஃபிளானல் கேட்டதற்குக் கடையில் இரண்டு துணி எடுத்துப் போட்டார்கள். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலை. தொட்டுப் பார்த்தால் விலை குறைந்ததுதான் இன்னும் மெத்தென்று இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: கடையில் இருக்கும்போது எல்லாத் துணியும் மெத்தென்றுதான் இருக்கும். பத்து முறை துவைத்த பிறகு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் அது எந்த நூல் என்று தெரிய வேண்டும்.

ஃபிளானல் என்பது நூலின் பெயர் இல்லை. நெய்த துணியை, நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகளில் ஓடவிட்டு மேல் இழைகளைக் கிளப்பிவிடுவார்கள். கிளம்பிய இழைகளுக்கு நடுவே காற்று தங்கும். போர்த்தினால் கதகதப்பாக இருப்பது அதனால்தான். பழைய காலத்தில் வேல்ஸ் பக்கம் நெய்தபோது இது கம்பளித் துணி. இப்போது தைப்பதற்கென்று மீட்டர் கணக்கில் விற்பது பெரும்பாலும் பருத்தி. ஆனால் பாலியஸ்டரிலும் இதே மாதிரி செய்து, இதே பெயரில் விற்கிறார்கள். உங்களுக்குக் காட்டிய விலை குறைந்த துணி லேசாகப் பளபளத்தால், அது பாலியஸ்டராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பாலியஸ்டர் மட்டம் என்று சொல்லவில்லை. சோபாவில் கிடக்கும் போர்வைக்கு அது நல்ல துணி. சுருங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. தலையணை உறை, பைஜாமா, குழந்தையின் வாய் துடைக்கும் துண்டு எல்லாம் பருத்தியில்தான் சரிப்படும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். துண்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி மேலேயே வைத்துச் செய்ய வேண்டும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறிய பிறகு கறுப்பாய் ஒரு கெட்டி மணியாக நிற்கும். சாம்பலும் இருக்கிறது, நடுவில் கெட்டியும் தட்டுப்படுகிறது என்றால் இரண்டும் கலந்த நூல்.

கேள்வி: விவரத்தில் ‘ஜிஎஸ்எம்’ என்று ஓர் எண் போடுகிறார்களே, அதைப் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. படுக்கை விரிப்புக்கு 170 சுமாரில் இருந்தால் நல்ல கனம். 120, 130 என்றால் மெல்லியது. இரட்டையாக மடித்துத் தைக்கும் சின்னச் சாமான்களுக்கு ஆகும். சில இடங்களில் அவுன்ஸில் போடுவார்கள். சதுர கெஜத்துக்கு 1 அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட 34 ஜிஎஸ்எம். ஆக 5 அவுன்ஸ் துணியும் 170 ஜிஎஸ்எம் துணியும் ஒன்றுதான்.

எண் போடாத கடையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரிந்தால் வேண்டாம். அப்புறம் ஒரே இடத்தில் கட்டைவிரலால் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். அதற்குள்ளேயே சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டால், குட்டை இழை நூலில் நெய்த துணி. ஒரே பருவத்தில் பழைய கம்பளம் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: மகளுக்குப் பைஜாமா தைத்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. இரண்டு முறை துவைத்ததும் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது. கடைக்காரரிடம் திருப்பித் தர முடியுமா?

பதில்: வெட்டித் தைத்துத் துவைத்த துணியை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். அவர் மேல் தப்பும் இல்லை. துணியைத் துவைக்காமல் வெட்டியதுதான் தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதே தப்பைச் செய்தவள். முதன்முதலாக என் பையனுக்கு நீலக் கட்டம் போட்ட பைஜாமா ஒன்றை ஒரே ராத்திரியில் தைத்து முடித்தேன். ஒரு மாதத்தில் அது அரைக்கால் சட்டை. அவன் அதையேதான் ஆசையாகப் போட்டுக்கொண்டு திரிந்தான் என்பது வேறு விஷயம்.

பருத்தி ஃபிளானல் மற்றப் பருத்தித் துணிகளைவிட அதிகம் சுருங்கும். நெருக்கமில்லாத நெசவு, முறுக்குக் குறைந்த நூல், அதனால் தண்ணீர் பட்டதும் இழைகள் உள்ளே இறங்கி நெருங்கிவிடும். 5 முதல் 10 சதவீதம் வரை போகலாம். அதிலும் நீளவாக்கில்தான் கூடுதல். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். துணியின் மூலையிலிருந்து 25 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி, நடுவில் 20-க்கு 20 சென்டிமீட்டருக்கு அழியாத பேனாவால் ஒரு கட்டம் போடுங்கள். பைஜாமாவை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து மறுபடி அளவுநாடாவை வையுங்கள். நீளவாக்கில் 18.6 என்று வந்தால் 7 சதவீதம். 1 மீட்டர் நீளக் கால்சட்டையில் அது 7 சென்டிமீட்டர். உங்கள் மகளின் கணுக்கால் தெரிந்ததும் அதனால்தான்.

ஆகவே வாங்கும்போதே பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுத்துணியையும் துவைத்து, மெஷினில் உலர்த்துவது உங்கள் வழக்கமென்றால் அதிலேயே உலர்த்திவிட்டு வெட்டுங்கள். துவைக்கும் முன் வெட்டிய ஓரங்களில் ஒரு ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிசிறு கயிறாகத் திரிந்து சிக்கிக்கொள்ளும். அடர்ந்த சிவப்பு, கருநீலம் எல்லாம் முதல் தடவை தனியாக.

இப்போது குட்டையாகிப் போனதை என்ன செய்வது? அடியில் வேறு நிறத்தில் ஒரு பட்டை வைத்துத் தையுங்கள். வேண்டுமென்றே வைத்தது போலத்தான் இருக்கும்.

கேள்வி: கட்டம் போட்ட ஃபிளானலில் சட்டை தைக்கிறேன். கடைக்காரர் “அரை மீட்டர் கூட எடுங்க” என்றார். விற்பனைத் தந்திரமா?

பதில்: இல்லை. அவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. கட்டம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் தூரம் 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கை ஒவ்வொன்றையும் கட்டம் சேரும்படி நகர்த்தி வைக்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் வரை வீணாகும். மூன்று வரிசை வந்தால் 45 சென்டிமீட்டர். கணக்குச் சரிதானே?

அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கட்டம் அங்கேயும் அதே அழுத்தத்தில் இருந்தால் சாயநூலில் நெய்தது. மங்கலாகவோ வெள்ளையாகவோ இருந்தால் மேலே அச்சடித்தது. அச்சுக் கட்டம் சில சமயம் நெசவுக்குக் கோணலாக ஓடும். அதைக் கட்டத்துக்கு நேராக வெட்டினால் துவைத்தபின் சட்டை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், நெசவுக்கு நேராக வெட்டினால் கட்டம் சாயும். அரை மீட்டர் என்ன, 2 மீட்டர் கூட வாங்கினாலும் தீராது. அந்தத் துணியே வேண்டாம்.

கேள்வி: தங்கைக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. போர்வை தைக்க எவ்வளவு துணி? வேறு என்ன தைத்துக் கொடுக்கலாம்?

பதில்: 90 சென்டிமீட்டர் சதுரம் கைக்கு அடக்கமான அளவு. அச்சு ஃபிளானல் பெரும்பாலும் 110 சென்டிமீட்டர் சுமாரான அகலத்தில் வரும். இரண்டு நிறத்தில் ஒவ்வொன்றிலும் 1 மீட்டர் 10 சென்டிமீட்டர் வாங்கினால் சுருங்கியது, கோணலாக வெட்டியது எல்லாம் போக ஒரு இரட்டைப் போர்வை வரும். நல்ல பக்கங்கள் இரண்டையும் உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்து, ஒரு கை நுழையும் அளவு வாயை விட்டு அதன் வழியே திருப்பி, மேலே ஒரு தையல் ஓட்டினால் முடிந்தது. பஞ்சு அட்டை ஒன்றும் உள்ளே வேண்டாம்.

ஒன்று மட்டும் தங்கையிடம் சொல்லிவிடுங்கள். இந்தப் போர்வை தூக்கி வைத்திருக்கும்போது சுற்றவும், தரையில் விரித்துப் போடவும், வெளியே போகும்போது போர்த்தவும்தான். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான துணி எதுவும் கிடக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் ஏறினால் அதற்கு விலக்கத் தெரியாது.

வேறு என்ன என்று கேட்டால், போர்வை ஒன்று போதும், துண்டுகள் பன்னிரண்டு கொடுங்கள். பால் குடித்தபின் தோளில் தட்டும்போது போட்டுக்கொள்ள 25-க்கு 50 சென்டிமீட்டரில் இரட்டைத் துணி. பார்வைக்கு ஒன்றுமில்லாத பரிசு, ஆனால் முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்கு நாலு வேண்டியிருக்கும். இவற்றைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம். அது இழை மேல் படலமாகப் படிந்து ஈரத்தை உறிஞ்ச விடாது.

கேள்வி: வாங்கிய துணியின் கரையில், குழந்தைகளின் இரவு உடைக்கு ஏற்றதல்ல என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மெத்தென்ற பருத்தியில் அப்படி என்ன ஆபத்து?

பதில்: கரையைப் படித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்தக் கரையைத்தான் நாம் முதலில் வெட்டி எறிகிறோம்.

ஆபத்து தீ. கதகதப்புக்காகக் கிளப்பிவிட்ட அதே இழைகளும், நடுவில் தங்கும் காற்றும், நெருப்புப் பொறி பட்டால் சுள்ளி மாதிரி வேலை செய்யும். சாதாரணப் பருத்தியைவிட வேகமாகத் தீ மேற்பரப்பில் ஓடும். உடை தொளதொளவென்று இருந்தால் அடுப்பு, மெழுகுவத்தி பக்கம் அது போய்விடுவதும் எளிது, உள்ளே காற்றும் அதிகம். அமெரிக்காவில் 9 மாதத்துக்கு மேற்பட்ட அளவிலிருந்து 14 என்ற அளவு வரை விற்கும் குழந்தைகள் இரவு உடை, தீச்சோதனையில் தேற வேண்டும் அல்லது உடம்போடு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நீங்கள் வாங்கிய துணியில் அச்சிட்டிருப்பதும் இந்த மாதிரி விதிகளை நினைத்துத்தான்.

ஃபிளானல் நீளாத துணி என்பதால் ஒட்டிய உடை தைப்பது கடினம். சின்னப் பிள்ளைகளின் இரவு உடைக்குப் பனியன் துணியில் ஒட்டினாற்போல் தையுங்கள் என்பேன். தீத்தடுப்பு செய்த ஃபிளானலும் கிடைக்கிறது. வாங்கினால் அதில் எழுதியுள்ள சலவைக் குறிப்பை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும், மென்மையாக்கியும் வெளுப்பானும் அந்தக் காப்பைக் கெடுக்கலாம். கையிலிருக்கும் துணி வீண்போகாது. தலையணை உறை, திரைக்கு உள்துணி, பெரியவர்களுக்குக் கால்சட்டை என்று எத்தனையோ இருக்கிறது.

கேள்வி: மைக்ரோவேவில் சூடு செய்து கழுத்தில் வைக்கும் அரிசிப் பை தைக்க ஃபிளானல் சரிதானே?

பதில்: சரி, ஆனால் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். நூலும் பருத்தி நூல். பாலியஸ்டர் நூலில் தைத்தால் சூட்டில் இளகும். ஜிப், பொத்தான், ஜரிகை எதுவும் கூடாது. அரை நிமிடம், அரை நிமிடமாகச் சூடேற்றித் தொட்டுப் பாருங்கள். கருகல் வாசனை வந்த பையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபிளானல் தைத்தால் என் மெஷின் தையலை விட்டுவிட்டுப் போடுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா?

பதில்: முதலில் பாபின் கூட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு எலிக்கூடு இருக்கும். ஃபிளானல் கொட்டும் பஞ்சு அவ்வளவு. பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், வாயால் ஊதாதீர்கள். இன்னும் உள்ளே போகும். புது ஊசி, 14 நம்பர். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். இதற்கும் சரியாகாவிட்டால் கூப்பிடுங்கள்.

கேள்வி: எல்லாம் தைத்தது போக ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகள் சேர்ந்துவிட்டன. எறிய மனம் வரவில்லை.

பதில்: எறியாதீர்கள். ஃபிளானலின் பிசிறு அடிக்கும் குணமே உதவுகிற ஒரு போர்வை இருக்கிறது. துண்டுகளை 20 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி மூன்று மூன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறித் தையல். அப்புறம் அடுக்குகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது தையல் ஓரம் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி 2 சென்டிமீட்டர் விட்டுத் தையுங்கள். எல்லாம் சேர்ந்தபின் நீட்டிய ஓரங்களைச் சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள், தையலை மட்டும் தொடாமல். துவைத்தெடுத்தால் ஓரமெல்லாம் பூத்து நிற்கும்.

துண்டுகள் போதாமல் இதற்கென்று புதுத் துணி எடுத்தால் அதை மட்டும் முன்கூட்டித் துவைக்க வேண்டாம், சுருங்கினால்தான் நன்றாகப் பூக்கும். சாயம் போகும் சிவப்பு மட்டும் விதிவிலக்கு. முதல் சலவையில் பஞ்சு கொட்டோ கொட்டென்று கொட்டும். போர்வையை வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு மெஷினில் போடுங்கள், ஓட்டம் முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றித் துடையுங்கள். அந்த வெட்டு வேலைக்கு விரலுக்கு நோகாத நல்ல கத்தரிக்கோல் வேண்டும். எதை வாங்கலாம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார், அடுத்த முறை சொல்கிறேன்.