வெள்ளை ஈ இல்லை, தேமல் மட்டும் எப்படிப் பரவுகிறது?

கேள்வி: தக்காளி இலைகள் பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, நுனி இலை ஒடுங்குகிறது. வெள்ளை ஈக்கு மூன்று முறை மருந்து அடித்தேன். இப்போது ஈயே இல்லை, ஆனால் நோய் வரிசை வரிசையாக நகர்கிறது. எந்த மருந்து கேட்கும், ஐயா?

பதில்: ‘வரிசை வரிசையாக’ என்று எழுதினீர்களே, அங்கேதான் ஆள் பிடிபடுகிறான். ஈ கொண்டுவரும் நோய் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். இது கை போன வழியில் போகிறது. பக்கக் கிளை கிள்ளும்போது விரலில் ஒட்டும் சாறே போதும். டொபாமோ வைரஸ் வகை என்று சந்தேகிக்கிறேன். ஆய்வகத்தில் இலை கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த வகையில் முதலில் அறியப்பட்டது புகையிலைத் தேமல் வைரஸ். குச்சி வடிவம்; நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18. உள்ளே வைரஸின் மரபுக் குறிப்பைச் சுமக்கும், சுமார் 6,400 வேதி ‘எழுத்து’ கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, சுருள்வில் போல. அதைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்த 2,130 புரதத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் 3 எழுத்தைக் கவ்விக்கொள்ளும். பெருக்கிப் பாருங்கள், இழை மொத்தமும் மூடிவிடும். இந்த இறுக்கத்தால்தான் காய்ந்த சருகிலும், கத்தியிலும், கொடி கட்டிய கயிற்றிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கிறது.

அந்த இழையில் இருப்பது 4 புரதங்களுக்கான குறிப்புதான். பெருக 2, செல் விட்டுச் செல் போக 1, மேலுறைக்கு 1. மற்ற வேலையெல்லாம் செடியின் செலவில். பூச்சிமருந்தும் பூஞ்சாணக்கொல்லியும் தாக்க இதில் எதுவும் இல்லை. எதிர்ப்பு ரகங்களில் உள்ள ஒரு மரபணு, நகர்த்தும் புரதத்தை அடையாளம் கண்டு தடுக்கும். 2014-இல் இஸ்ரேலில் தென்பட்ட புது டொபாமோ வைரஸ், அந்தப் புரதத்தையே சற்று மாற்றிக்கொண்டு தப்பிவிட்டது. ஆகவே ‘எதிர்ப்பு ரகம்’ என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்.

நோய்ச் செடியை, ஒட்டி நிற்கும் செடியோடு சேர்த்துப் பிடுங்கி, அங்கேயே பையில் கட்டி வெளியேற்றுங்கள். வரிசை நெடுக இழுத்துப் போகவேண்டாம். வேலையை நல்ல செடிப் பக்கமிருந்து தொடங்குங்கள். செடிக்குச் செடி கையையும் கத்தியையும் கொழுப்பு நீக்கிய பாலில் நனையுங்கள். பாலா என்று சிரிக்கவேண்டாம், சாறு வழித் தொற்றை அது நன்றாகவே குறைக்கும். பீடி, புகையிலை தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள்.

விதையில் வைரஸ் பெரும்பாலும் மேல்தோலில்தான் ஒட்டியிருக்கும். லிட்டருக்கு 100 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட் கரைத்து, 15 நிமிடம் ஊறவைத்து, பலமுறை அலசி உலர்த்துங்கள். பழைய கட்டுக் கயிற்றை அடுத்த பயிருக்கு எடுத்துவைக்காதீர்கள்.