பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: பென்டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: திருப்பூரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். லேப்டாப் 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. "இதுல விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். கல்லூரியில் படிக்கும் மகளோ, விண்டோஸை எடுக்காமலே பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போடலாம் என்கிறாள். அதைப் போட்டுத்தர இன்னொரு கடையில் 2,000 ரூபாய் கேட்கிறார்கள். கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனால் நாளைக்கே புது லேப்டாப் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது. அப்டேட் பக்கத்தில் அதற்குப் பதிவுசெய்துகொள்ளலாம்.

மகள் சொல்வதைச் செய்து பார்க்கலாம். ஆனால் யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், ஹார்டுடிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள். லினக்ஸில் பல வகை உண்டு; புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இலவசம்தான், அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் போடும்போது, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. சில நிமிடங்களில் மின்ட் திரையில் வந்து நிற்கும். அங்கே 'இன்ஸ்டால்' என்றொரு ஐகான் இருக்கும், அதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

அந்தத் திரையில் பார்க்க வேண்டியது அழகை அல்ல. வைஃபை பிடிக்கிறதா? ஒலி, கேமரா, டச்பேட் சரியா? மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா? முக்கியமாக, பிரின்டரைச் செருகிப் பாருங்கள். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் தகராறு செய்வதில்லை. நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் கேனன் எல்பிபி 2900 அப்படி இல்லை; லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு. பில் போடும் தெர்மல் பிரின்டர் இருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள்.

இனி டேலி. அது விண்டோஸுக்கென்றே வருவது. லினக்ஸில் ஓட்டக் குறுக்குவழிகள் உண்டு, ஆனால் வியாபாரக் கணக்கை அதில் வைத்துச் சோதிக்காதீர்கள். உங்களைப் பொறுத்தவரை விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளும் யோசனை சரிதான், ஒரு நிபந்தனையோடு. பக்கத்தில் லினக்ஸ் வந்துவிட்டதால் பழைய விண்டோஸ் பத்திரமாகிவிடாது. நீட்டிப்பும் முடிந்தபிறகு விண்டோஸை டேலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி, மெயில், ஜிஎஸ்டி தளம் எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் மாற்றிவிடுங்கள். இந்தப் பழக்கம் வராது என்று தோன்றினால் இரட்டை ஏற்பாட்டால் உங்களுக்கு லாபம் இல்லை.

நிறுவுவதென்று முடிவெடுத்தால், முதல் வேலை டேலி டேட்டாவை வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது. அடுத்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும், எண் கையில் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுதவும் முடியாமல் போகலாம். பிறகு விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் 50 ஜிபி அளவுக்கு இடம் ஒதுக்குங்கள். நிறுவும்போது 'விண்டோஸுடன் சேர்த்து' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'டிஸ்க்கை அழித்து' என்பதும் அதே திரையில்தான் இருக்கும், கவனம்.

லினக்ஸ் போட்டுத்தர அந்த இன்னொரு கடையில் கேட்கும் 2,000 ரூபாய் முழுக்கக் கூலிதான். மகளுக்கு இதில் கை பழகியிருந்தால் அவரே செய்துவிடுவார். கடையில்தான் கொடுப்பதென்றால், பேக்கப் எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். அந்த லேப்டாப்பில் இன்னும் பழைய சுழலும் ஹார்டுடிஸ்க்தான் இருக்கிறதென்றால், அந்தப் பணத்தை, சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி வாங்கப் போடலாம். எந்த இயங்குதளம் ஆனாலும் வேகம் கூடுவது நன்றாகத் தெரியும்.

கேள்வி: இரண்டும் போட்டாயிற்று. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. மதர்போர்டில் கடிகாரத்துக்கு இருக்கும் பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். லினக்ஸ், மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும், செலவே இல்லை. ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள், நேரத்தை வைத்துக் கணக்கிடும் ஓடிபி செயலிகள் தப்பான எண்ணைக் காட்டும்.

கேள்வி: ஆன்லைனில் ஒரே மாடல் லேப்டாப், உபுண்டு என்ற லினக்ஸ் வகை போட்டது விலை குறைவு, விண்டோஸ் போட்டது அதிகம். குறைந்ததை வாங்கலாமா?

பதில்: லினக்ஸிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாக. உபுண்டுவோடே வருகிற மாடல் என்றால் வைஃபை, ஒலி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியிருக்காது. 'டாஸ்' என்று போட்டு விற்பது வேறு. அதைத் திறந்ததும் கறுப்புத் திரைதான் வரும், இயங்குதளத்தை நீங்கள்தான் போட வேண்டும். விலை குறைந்ததை வாங்கிவிட்டு, பிறகு விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு பல நேரம் இடிக்கும். முறையான உரிமத்தைத் தனியாக வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் போய்விடும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் 'கீ'களை நம்பி வாங்காதீர்கள்; அவற்றில் பல முறையான சில்லறை உரிமங்களே அல்ல.