ஒரே வருடத்தில் வந்த தடுப்பூசி: எந்தச் சோதனையை விட்டார்கள்?

"பத்து வருடம் பிடிக்கும் தடுப்பூசி ஒரே வருடத்தில் வந்ததென்றால் ஏதோ ஒரு சோதனையை விட்டிருப்பார்கள்" என்று உங்கள் அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஃபைசர் கோவிட் ஊசியையே எடுத்துக்கொள்வோம். எந்தக் கட்டத்தையும் விடவில்லை. கடைசிக் கட்டத்தில் சுமார் 43,000 பேர். பாதிப் பேருக்கு ஊசி மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டாம் ஊசிக்கு 7 நாள் கழித்து நோய் வந்தவர்கள் 170 பேர், அதில் மருந்து பெற்றவர்கள் 8 பேர் மட்டுமே. மிச்சப்படுத்தியது காத்திருக்கும் காலத்தை மட்டுமே. கட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து நடத்தினார்கள், முடிவு தெரியுமுன்பே பண நஷ்டத்துக்குத் துணிந்து உற்பத்தியைத் தொடங்கினார்கள். தொற்று எங்கும் பரவியிருந்ததால் விடையும் சீக்கிரம் கிடைத்தது. இந்த ஊசியின் தொழில்நுட்பத்துக்கு அடிப்படையான, விஞ்ஞானிகள் கரிக்கோ, வைஸ்மன் இருவரின் ஆய்வு 2005லேயே வெளிவந்துவிட்டது.

சோதனையின் வரம்பையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், மறைத்தால் நம்பிக்கை போய்விடும். லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் விளைவு இத்தனை பேரில் தெரியாது. இளைஞர்களுக்கு, பெரும்பாலும் இரண்டாம் ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள், அரிதாக வரும் இதயத்தசை அழற்சி 2021ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின்தான் புலப்பட்டது. அதனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடுமுன் சொல்லுங்கள். போட்டபின் 30 நிமிடம் அங்கேயே உட்காரட்டும்.