பிழைக்கப் போனவர்

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போன கோ. நடேசய்யர், போன இடத்தில் அரசியல் செய்தது முறைதானா? (குடந்தை வாசகர்)

பதில்: "பிழைக்கப் போன" என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பிழைக்கப் போனவன் வாய் திறக்கலாகாது என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதால், இப்பக்கத்தில் நான் அதைப் பலமுறை கண்டித்திருக்கிறேன், இன்னும் கண்டிப்பேன்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துக்குப் பிழைக்கப் போனவர்களின் அன்றைய நிலையைப் பாருங்கள். ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகும். தோட்டம் மாறினால் அந்தக் கடன் "துண்டு" என்ற சீட்டில் ஏறித் தொழிலாளியோடு அடுத்த தோட்டத்துக்கும் போகும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பிறகும் பெரிய கங்காணியின் பிடி தளரவில்லை. தோட்டமோ துரையின் தனிச் சொத்து. அனுமதியின்றி வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. அதனால்தான் நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டு, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குள் போனார் என்று மலையகத்தில் இன்றும் சொல்கிறார்கள். இதை அரசியல் என்று ஒதுக்கினால், அந்த மக்களுக்காகப் பேச வேறு எவர் இருந்தார்?

அவர் கையில் முதலில் இருந்தது பத்திரிகை. கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகியவற்றை நடத்தினார். சிங்களத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து உழைத்துப் பின்னர் பிரிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சம்மேளனம் கண்டார். 1936இல் மலையகத்தின் அட்டன் தொகுதியிலிருந்து, அன்றைய இலங்கைச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குச் சென்றார். இவற்றைவிட என்னை அதிகம் நெகிழ வைப்பவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள்தான். எழுத்தறியாத மக்கள் திரண்ட கூட்டங்களில் அவர்களுடைய துயரத்தை அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாடி, 1940இல் அப்பாடல்களை அச்சிட்டும் கொடுத்தார். நடேசய்யரைப் பற்றிப் பேசுவோர் பலர் அந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

1947 தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே காலமானார். அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் உட்பட, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. தாங்கள் கேள்வியில் எழுதிய அதே எண்ணம், அதாவது இவர்கள் பிழைக்க வந்தவர்கள், வந்த வழியே திரும்ப வேண்டியவர்கள் என்ற எண்ணம்தான், அச்சட்டத்துக்கும் அடிப்படையாக இருந்தது.