சைக்கிள் ஓட்டும்போது நெஞ்சுப்பட்டை இதயத்துடிப்பைத் தாறுமாறாகக் காட்டுவது ஏன்?

கிளம்பிய முதல் பத்து நிமிடம் 200-க்கு மேல் காட்டிவிட்டு, பிறகு தானாகச் சரியாகிறது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் ஈரம் போதாததுதான். பட்டை இதயத்தின் மின் சைகையைத் தோல் வழியாகப் படிக்கிறது. காய்ந்த தோலில் அந்தச் சைகை சரியாகக் கடத்தப்படாது. வியர்த்ததும் சரியாகிவிடுவதன் ரகசியம் இதுவே. மாட்டும் முன் மின்முனைப் பகுதிகளை (பட்டையின் உட்புறம் தோலைத் தொடும் இடங்களை) தண்ணீரில் நன்றாக நனையுங்கள். இசிஜி எடுக்கும்போது தடவும் ஜெல் இருந்தால் இன்னும் நல்லது. எச்சில்கூட வேலை செய்யும், கூச்சம் இல்லையென்றால்.

இறக்கத்தில் வேகமாகப் போகும்போது மட்டும் எகிறினால், சந்தேகம் சட்டை மேல். காற்றில் படபடக்கும் செயற்கை இழைத் துணி நிலைமின்சாரத்தை உண்டாக்கும். உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுப் பாருங்கள்.

எண் எகிறாமல் அடிக்கடி காணாமலே போகிறதா? முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வட்டமான பட்டன் பேட்டரிதான். எண்ணைக் காட்டும் போனை முதுகுப் பையில் வைத்திருந்தாலும் இப்படி ஆகலாம். ப்ளூடூத் அலையை உடம்பே மறைத்துவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால், பட்டையில் மாட்டும் சென்சாரைக் குறை சொல்லாமல் பட்டையை மட்டும் மாற்றுங்கள். என் அனுபவத்தில் முதலில் சாவது அதுதான், வியர்வை உப்பு படிந்து படிந்து. ஓட்டி முடித்ததும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலசிக் காயவையுங்கள். ஈரப் பட்டையிலேயே விட்டால் சென்சார் விழித்தே இருந்து பேட்டரியைத் தின்னும்.

ஓய்வில் நாடியைத் தொட்டு எண்ணும்போதும் துடிப்பு ஒழுங்கற்று இருந்தால், பட்டையை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.