ஓய்ந்துபோன நாள்கள்

கேள்வி: எனக்கு வயது 68. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த கணவரை ஒன்பது ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். அவர் மறைந்து ஓராண்டாகிறது. பிள்ளைகள் “இனியாவது ஓய்வெடுங்கள்” என்கிறார்கள். எனக்கோ காலையில் எழுந்திருக்கவே காரணமில்லை. இந்த வயதில் புதிதாக என்ன செய்ய முடியும்?

பதில்: அம்மா, கணவரோடு, மாத்திரை வேளைகளும் இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்த இரவுகளும் சேர்ந்து அமைத்திருந்த உங்கள் நாளின் ஒழுங்கே கலைந்துவிட்டது. ஹோம்ஸ், ராஹே என்னும் உளமருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களை அளவிட 1967இல் வெளியிட்ட பட்டியலில், துணையின் மறைவுக்கே உச்சமான 100 புள்ளிகள். பணி ஓய்வுக்கு 45. உங்களுக்கு இரண்டும் ஒருசேர நேர்ந்திருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

பிள்ளைகள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் ஓய்வு மட்டும் உங்களுக்குப் போதாது. கிராண்ட்மா மோசஸ் என்னும் அமெரிக்க மூதாட்டி, மூட்டுவலியால் தையல் ஊசியைப் பிடிக்க இயலாமல் போனபோது, எழுபது வயதைக் கடந்த நிலையில் தூரிகையை எடுத்து, 101 வயது வரை வாழ்ந்தார். அவர் முற்றிலும் அந்நியமான ஒன்றைத் தேடாமல், பழகிய கைவேலைக்கு அருகிலிருந்ததையே பற்றிக்கொண்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படுக்கைப்புண் வராமல் காப்பதும், நோயாளியின் சிடுசிடுப்புக்குள் இருக்கும் அச்சத்தை உணர்வதும் நீங்கள் பட்டறிந்து கற்றவை. நேற்றுவரை எதுவும் அறியாமல் இன்று அதே பொறுப்பை ஏற்றுத் தவிக்கும் ஒருவர் உங்கள் அருகிலேயே இருக்கக்கூடும். வாரம் ஒருமுறை அவரிடம் சென்று பேசுங்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் குன்றியிருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.