கணினியில் உலோகம் உருக்குபவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் கணினிவழிப் பொருளறிவியல் குழு ஒன்றில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள். பேட்டரிக்குப் புதுப் பொருள் தேடுவதாகச் சொல்கிறாள். ஆனால் குடுவை இல்லை, உலை இல்லை, நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் எழுத்துகள்தான் ஓடுகின்றன. அந்தக் குழுவில் இருக்கிற பத்துப் பதினைந்து பேரும் அப்படி என்னதான் செய்கிறார்கள்?
– ஒரு தந்தை

பதில்: இந்தச் சந்தேகம் பக்கத்துச் சோதனைக்கூடத்தில் உலையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கே உண்டு, மகளிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு கிண்டல் வாங்குகிறாள் என்று சொல்வாள். அவள் செய்வது இதுதான். ஒரு படிகத்தில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிக் கொடுக்கிறாள். எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கும், மொத்த ஆற்றல் எவ்வளவு, ஒவ்வொரு அணுவையும் எந்த விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்கிறது. லித்தியம் அயனி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ எவ்வளவு ஆற்றல் தேவை, எத்தனை வோல்ட் கிடைக்கும், லித்தியத்தை வெளியே எடுத்த பிறகும் படிகம் நிலைத்து நிற்குமா என்பதையெல்லாம் இதிலிருந்து எடுக்கலாம். உலையில் நூறு கலவையைச் சுட்டுப் பார்ப்பதற்குப் பதில் ஐந்தைச் சுட்டால் போதும் என்ற அளவுக்குச் சுருக்கித் தருவது பெரிய உதவி. இதற்கு அடித்தளம் போட்டது 1964-ல் ஹோஹன்பெர்க்கும் கோனும், அடுத்த வருடம் கோனும் ஷாமும். வால்டர் கோன் இயற்பியல்காரர், 1998-ல் அவருக்கு வந்த நோபல் பரிசோ வேதியியலுக்கு. யார் எந்தத் துறை என்ற குழப்பம் இந்த வட்டாரத்தில் இன்றும் தீரவில்லை.

அந்தப் பத்துப் பதினைந்து பேரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எலக்ட்ரான் மட்டத்தில் கணக்குப் போடுகிறவர்கள் (இவர்களை டிஎஃப்டி ஆட்கள் என்பார்கள், எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போடும் அந்தக் கோன் வழிமுறையின் ஆங்கிலச் சுருக்கம்) சில நூறு அணுக்களைத் தாண்டினாலே மூச்சு வாங்குவார்கள், ஏனென்றால் வழக்கமான முறையில் அணுக்கள் இரண்டு மடங்கானால் நேரம் எட்டு மடங்கு. அடுத்த மேஜையில் மூலக்கூறு இயக்கவியல் ஆட்கள். இவர்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு, அணுக்களுக்கிடையிலான விசையைச் சொல்லும் ஒரு சூத்திரத்தை (விசைப்புலம்) வைத்து அணுக்களை நியூட்டன் விதிப்படி ஓடவிடுவார்கள், லட்சக்கணக்கான அணுக்கள் என்றாலும் கவலையில்லை, ஆனால் ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு ஃபெம்டோ விநாடி, ஒரு நானோ விநாடியைக் கடக்கப் பத்து லட்சம் அடிகள். இன்னும் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அணுவே கிடையாது, உலோகம் உறையும்போது உள்ளே மணிகள் (குட்டிக் குட்டிப் படிகத் துண்டுகள்) எப்படி வளர்கின்றன என்பதை மைக்ரான் அளவில் பார்ப்பார். மூவரும் ஒரே கலவையைப் பற்றித்தான் பேசுவார்கள். "உன் விசைப்புலம் சரியில்லை", "உன் கணக்கு பூஜ்ய கெல்வினில், என் உலோகம் ஆயிரத்துச் சொச்சத்தில்" என்று குரூப் மீட்டிங்கில் முட்டிக்கொள்வதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், உருப்படியான பேப்பர் பல அங்கேதான் ஆரம்பிக்கும்.

மகளின் காலைப்பொழுது எப்படி இருக்கும் தெரியுமா? க்ளஸ்டருக்குள் (பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய பொதுக் கணினி) நுழைந்து க்யூவை, அதாவது கணக்குகள் காத்திருக்கும் வரிசையைப் பார்ப்பாள். நேற்றிரவு போட்ட நாலு ஜாபில் ஒன்று முடிந்திருக்கும், ஒன்று இன்னும் வரிசையில் நிற்கும், ஒன்று கொடுத்த நேரம் தீர்ந்து பாதியில் செத்திருக்கும், நாலாவது விடிய விடிய ஓடியும் ஆற்றல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்திருக்குமே தவிர கன்வெர்ஜ் ஆகியிருக்காது, அதாவது ஒரு விடையில் வந்து நின்றிருக்காது. அந்த நாலாவதுதான் அவளுடைய அன்றைய நாள்.

கேள்வி: எங்கள் கைடு கடைசியாக எப்போது தன் கையால் ஒரு கணக்கு ஓட்டினார் என்று யாருக்குமே தெரியாது. எப்போதும் கூட்டம், பயணம், விண்ணப்பம். இவரை எந்தக் கணக்கில் ஆராய்ச்சியாளர் என்பது?
– மூன்றாம் ஆண்டு மாணவர்

பதில்: அந்த விண்ணப்பங்களில் ஒன்றில்தான் உங்கள் கணினி நேரம் வருகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். பெரிய மையங்களில் இத்தனை மணி நேரம் வேண்டும், இன்ன காரணத்துக்காக என்று எழுதி, அதை வேறு விஞ்ஞானிகள் படித்து ஒப்புக்கொண்டால்தான் க்யூவில் இடமே கிடைக்கும். அது போகட்டும், நல்ல கைடுக்கு வேறொரு திறமை உண்டு, அது மூக்கில் இருக்கிறது. சிலிக்கானின் பட்டை இடைவெளி (எலக்ட்ரான் கட்டவிழ்ந்து மின்சாரம் கடத்தத் தாண்ட வேண்டிய ஆற்றல்) 0.6 எலக்ட்ரான் வோல்ட் என்று நீங்கள் முகம் வாடிப் போய் நின்றால் அவர் அசையமாட்டார், பிபிஇ என்கிற வழக்கமான தோராயம் அப்படித்தான் குறைத்துக் காட்டும். அதே தோராயத்தில் பரிசோதனையில் கிடைக்கிற 1.1 அப்படியே வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு போனால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உள்ளீட்டுக் கோப்பைக் காட்டு என்பார்.

ஆனால் உங்கள் புகாரிலும் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் உள்ளீட்டுக் கோப்பைத் திறக்காதவருக்கு எது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கு விட்டுப்போகும், "இதுக்கு ரெண்டு நாள் போதுமே" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார். அப்போது வாதம் செய்யாதீர்கள், க்யூ நிலவரத்தை அப்படியே எடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் எழுதிய நிரலைத்தான் குழுவில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பேப்பர் வந்தால் என் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில் இருக்கிறது. கேட்டால் "அறிவியல் பங்களிப்பு இல்லையே" என்கிறார்கள்.
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: இது பழைய வியாதி. ஃபெர்மி, பாஸ்டா, உலாம் என்ற மூன்று விஞ்ஞானிகள் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மேனியாக் கணினியில் செய்த பிரபலமான சோதனை ஒன்று உண்டு. ஸ்பிரிங்கால் கோத்த அணுச் சங்கிலியில் ஆற்றல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள், அதுவோ கிளம்பிய இடத்துக்கே கிட்டத்தட்டத் திரும்பி வந்தது. 1955-ல் அறிக்கை வந்தது. அந்த நிரலை எழுதி ஓட்டியவர் மேரி சிங்கோ. அறிக்கையின் முகப்பிலேயே வேலை செய்தவர்கள் என்று நாலு பெயர், அறிக்கை எழுதியவர்கள் என்று மூன்று பெயர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த மூன்று பெயரால்தான் அந்தச் சிக்கலே அழைக்கப்பட்டது. இப்போதுதான் பலரும் நாலாவது பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள். அந்த அறிக்கைக்கு இரண்டு வருடம் முன்னால், 1953-ல், மான்டி கார்லோ முறை (தற்செயல் எண்களை வைத்துக் கணக்குப் போடுவது) பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் ஐந்து பேர் ஆசிரியர்கள், நிரல் எழுதிய அரியானா ரோசன்புளூத்தும் அதில் ஒருவர். முறைக்கு நிலைத்த பெயர் என்னவோ ஆசிரியர் வரிசையில் முதலில் இருந்த மெட்ரோபோலிஸுடையது.

சரி, உங்களுக்கு வருவோம். யாரோ உங்களுடைய பத்து வரி ஸ்கிரிப்டை எடுத்து வரைபடம் போட்டார் என்பதற்காக ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்டால் நான் உங்கள் பக்கம் நிற்கமாட்டேன். அந்த நிரல் இல்லாமல் முடிவே இல்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வரைவு எழுதிய பிறகு கேட்காதீர்கள், கணக்கு ஆரம்பிக்கும்போதே கேளுங்கள், அதையும் மின்னஞ்சலில் கேளுங்கள். இன்று பல ஆய்விதழ்கள் யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளில் குறிக்கச் சொல்கின்றன, மென்பொருள் அதில் தனி வகை. "அறிவியல் பங்களிப்பு இல்லை" என்பவரிடம் அந்தப் பட்டியலை நீட்டுங்கள். அப்புறம், நிரலைப் பதிப்பு எண், உரிமம், டிஓஐ எண்ணோடு (இணையத்தில் ஒரு படைப்பை அடையாளம் காட்டும் நிலையான எண்) பொதுவில் வெளியிட்டுவிடுங்கள், பயன்படுத்துகிறவர் அதை மேற்கோள் காட்ட வேறு சாக்கு சொல்ல முடியாது. கைடு சம்மதத்தோடு.

கேள்வி: இந்தக் குழுவில் சேர இயற்பியல் படித்திருக்க வேண்டுமா, வேதியியலா, கணினி அறிவியலா?

பதில்: மூன்று பேரும் வருகிறார்கள், உலோகவியல், இயந்திரப் பொறியியல் ஆட்களும் வருகிறார்கள். முதல் மாதத்தில் எல்லோரும் அழுவது லினக்ஸ் கட்டளைகளிடம்தான்.

கேள்வி: பிஎச்.டி. முடித்துப் போன சீனியரின் முடிவை என்னால் திரும்ப எடுக்கவே முடியவில்லை. அவருடைய கோப்புறையில் ஃபைனல், ஃபைனல்2, புதுசு, புதுசு_சரி என்று இருக்கின்றன. அவர் பயன்படுத்தியது வேறு மென்பொருள், அதனால்தான் மாறுகிறது என்கிறார் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டுக் குழுவில் ஆய்வு செய்பவர்). உண்மையா?

பதில்: அநேகமாக இல்லை. 2016-ல் ஒரு பெரிய கூட்டணி 71 தனிமங்களின் படிகங்களை 15 மென்பொருள்களில் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தது, இன்று புழக்கத்தில் இருக்கிற பெரும்பாலானவை ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின. எனவே மென்பொருளைத் திட்டுவதற்கு முன் உள்ளீட்டைப் பாருங்கள். சூடோபொட்டென்ஷியல் கோப்பு (அணுவின் உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் சுருக்கம்) எந்தப் பதிப்பு, கணக்கின் நுணுக்கத்தை முடிவு செய்யும் ஆற்றல் வரம்பு எவ்வளவு, கே-புள்ளிகள் (எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுத்துப் பார்க்கும் புள்ளிகள்) எத்தனை, எந்தத் தோராயம். எல்லாம் ஒத்துப்போயும் விடை இடித்தால் காந்தத்தைப் பாருங்கள். இரும்பைக் காந்தம் இல்லாமல் கணக்கிட்டால் படிக அமைப்பே தப்பாக வரும். உங்கள் பொருளில் இரும்போ கோபால்ட்டோ மாங்கனீஸோ இருந்தால் தொடக்கக் காந்தத் திருப்புத்திறனுக்கு (ஒவ்வொரு அணுவும் எவ்வளவு காந்தம் என்று முதலில் கொடுக்கும் ஊகம்) சீனியர் என்ன எண் கொடுத்தார் என்று தேடுங்கள், பேப்பரில் எழுத மறந்துபோவதும் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான்.

கோப்புறையில் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, பேப்பர் அனுப்பிய தேதிக்குச் சற்று முன்னால் முடிந்த ஓட்டம் எது என்று பார்த்தால் 'புதுசு_சரி' சரியா என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டால் சீனியருக்கே எழுதுங்கள். குறை சொல்கிற தொனி இல்லாமல், "இந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா" என்று ஒரே கேள்வி மட்டும் கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் போடுவார்கள். பத்துக் கேள்வி கேட்டால் போடமாட்டார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தக் குழுக்களுக்கு வேலை இருக்குமா?

பதில்: 2023-ல் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதுப் படிகங்களைக் கணித்ததாகவும் அதில் 3,80,000 வரை நிலைத்து நிற்கக்கூடியவை என்றும் அறிவித்தது. பட்டியலைப் புரட்டிய சில வேதியியலாளர்கள் இதில் உண்மையிலேயே புதுசு எவ்வளவு, பயன்படுவது எவ்வளவு என்று கேட்டார்கள். டீப்மைண்டின் அந்த மாடல் பாடம் கற்றதே டிஎஃப்டி ஆட்கள் பல வருடமாகச் சேர்த்துவைத்த கணக்குகளிலிருந்துதான். அணுக்களுக்கிடையிலான விசையை நரம்பு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுப்பதும் நேற்று வந்ததல்ல, பெஹ்லரும் பாரினெல்லோவும் 2007-லேயே வழி காட்டிவிட்டார்கள். குழுவில் நடந்திருக்கிற மாற்றம் என்னவென்றால், இயந்திரக் கற்றல் தெரிந்த ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் அவருக்குப் பயிற்சித் தரவு தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தரவில் ஒரு கன்வெர்ஜ் ஆகாத கணக்கு கலந்துவிட்டாலும் அவருடைய மாடல் அதையும் பக்தியோடு கற்றுக்கொள்ளும் என்பதால், முன்பு ஒருமுறை சரிபார்த்ததை இப்போது மூன்று முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: குழுவில் சேரும் முன் யாரிடம் என்ன விசாரிக்கலாம்?

பதில்: கடைசி வருட மாணவரைப் பிடியுங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் யார் உட்கார்ந்து சொல்லித் தருகிறார், குழுவின் நிரல்களும் தரவும் யார் பொறுப்பில் இருக்கின்றன, க்ளஸ்டர் நேரத்தை யார் பங்கு பிரிக்கிறார், போன வருடம் யாராவது பாதியில் விலகினார்களா, ஏன் என்று கேளுங்கள். முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே ஆளின் பெயர் வந்தால் அந்த ஆள் எப்போது முடித்துவிட்டுக் கிளம்புகிறார் என்றும் கேட்டுவையுங்கள். பேராசிரியர் அறையில் இருக்கும்போது வேண்டாம்.